புதுப்பிப்பு: பென்னாகரம் பக்கத்து மண்சுவர் வீடும் மாட்டுக் கொட்டகையும்

முன்பு கேட்டது: பழைய மண்சுவருக்கு சிமெண்ட் பூசிய பிறகு அடியில் ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இப்போது சிமெண்ட் முழுக்க எடுத்தாயிற்று. சுத்தியலால் ஓங்கி அடித்தால் மண்ணும் சேர்ந்து வரும். உளியைச் சாய்த்துப் பிடித்து மெல்ல நெம்ப வேண்டும். ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் மேலே ஏறியதுதான் காரணம். வாசல் தரை உயர்ந்து மழைநீர் சுவரடியில் தேங்கியதும் சேர்ந்துகொண்டது. ஆகவே முதல் வேலை உயர்ந்த வாசல் மண்ணை வெட்டி, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் வைத்தது. அதைச் செய்யாமல் எதைப் பூசினாலும் வீண்.

பள்ளங்களை வைக்கோல் கலந்த மண்ணால் நிரப்பிக் காயவிட்டு, மேலே 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல் கலந்த பூச்சு. சுண்ணாம்பை நீற்ற, சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட வேண்டும். கல்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரமாவது தண்ணீருக்குள் வைத்து, சலித்தே எடுக்கணும். நீறாத துணுக்கு தங்கினால் பூசிய பிறகு ஊதி, காசளவு குழி விழும். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். சுவரை நனைத்துப் பூசி, வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டி ஒரு வாரம் வைக்கணும்.

கொட்டகைச் சுவர்தான் இன்னும் படுத்துகிறது. மாட்டு மூத்திரத்தின் உப்பு ஊறியிருப்பதால் மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கிறது. அங்கே இப்போதைக்கு மண்பூச்சு மட்டும். உப்பு அதில் ஏறியதும் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். அந்த மண்ணைத் திரும்பக் குழைக்காதீர்கள்.