அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்ததில் யாருக்கு லாபம்?

தேரடித்தெரு:
சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டதைப் பற்றி இன்னொரு இழையில் ஒருவர், "அன்றோடு அது முடிந்தது" என்று எழுதியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் தனி இழை தொடங்குகிறேன். ராஜா அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாயும் தன் மீனாட்சி கல்லூரியையும் கொடுத்து உருவாக்கியது. 1929இலிருந்து இணைவேந்தர் பதவி அந்தக் குடும்பத்துக்கே பரம்பரையாக இருந்தது. கொடுத்தவருக்கு அந்த மரியாதை சரி. ஆனால் 2012 கடைசியில் என்ன ஆயிற்று? பணம் இல்லை, சம்பளத்தைக் குறைக்கிறோம் என்றார்கள், போராட்டம் வெடித்தது. அடுத்த ஏப்ரலில் ஐஏஎஸ் அதிகாரி ஷிவ்தாஸ் மீனா நிர்வாகியாக வந்தார், அப்புறம் சட்டம் வந்தது, இணைவேந்தர் பதவி உயர்கல்வி அமைச்சருக்குப் போனது. அரசு கை வைக்காவிட்டால் யார் காப்பாற்றியிருப்பார்கள்?

முந்திரிக்காடு:
காப்பாற்றியது கட்டடத்தையா, மனிதர்களையா? தேவைக்கு மேல் ஆள் எடுத்தது பழைய நிர்வாகம். எல்லோரையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அதற்கு அரசு கண்ட வழி பணிநிரவல். சிதம்பரத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்களை "மிகைப் பணியாளர்" என்று முத்திரை குத்தி வேறு மாவட்டக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். வேலைக்கு எடுத்தவர்கள் யாரும் எங்கேயும் மாற்றலாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சேர்க்காடு பஸ்:
அண்ணே, வேலையே போயிருந்தால்?

முந்திரிக்காடு:
"இதைவிட மோசமாக நடந்திருக்கலாம்" என்பது வாதம் இல்லை தம்பி. பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு வருவோம். அரசு எடுத்தது 2013. அரசு எடுத்தால் அரசுக் கட்டணம் என்றுதான் எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். 2020இலும் அங்கே எம்பிபிஎஸ் கட்டணம் வருடத்துக்கு 5.44 லட்சம். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 13,610 ரூபாய். மாணவர்கள் டிசம்பரில் தொடங்கி வாரக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான், 2021 ஜனவரி கடைசியில் அந்தக் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கினார்கள். நடுவில் ஏழு வருடம் படித்தவர்கள் கட்டிய பணத்துக்கு உங்கள் சட்டத்தில் பதில் இருக்கிறதா?

தேரடித்தெரு:
இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் என்ன கோஷம் போட்டார்கள்? "அரசுக் கல்லூரிக்கு அரசுக் கட்டணம் வாங்கு" என்றுதானே? 2013க்கு முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்க முடியுமா? தனியார் அறக்கட்டளையிடம் போய் 13,610க்குச் சீட்டு கொடு என்றால் காவலாளியே சிரிப்பார். கேட்கும் உரிமையைக் கொடுத்தது அந்தச் சட்டம். வாங்க ஏழு வருடம் ஆனதற்கு இரண்டு ஆட்சிகளையும் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

முந்திரிக்காடு:
இரண்டு ஆட்சி எங்கே வந்தது? 2013இலிருந்து 2021 வரை ஒரே கட்சி ஆட்சிதான். :)

சேர்க்காடு பஸ்:
கட்சிச் சண்டைக்குப் போகாதீர்கள். நான் கடலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவன். எங்களுக்கு 2013ஐவிட 2021தான் பெரிய மாற்றம். அதுவரை நாங்கள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். ஒரு சான்றிதழில் எழுத்துப்பிழை என்றால்கூட விழுப்புரம், திருவண்ணாமலை தாண்டி, காட்பாடி பக்கம் சேர்க்காடு வரை போகவேண்டும். என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் புதுப் பல்கலைக்கழகம் என்று சட்டம் வந்தது. ஆட்சி மாறியது. ஆகஸ்ட்டில் அதை அண்ணாமலையோடு இணைத்து இன்னொரு சட்டம். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை கல்லூரிகள் எல்லாம் சிதம்பரத்தின் கீழ் வந்தன. அரசியல் என்னவாகவும் இருக்கட்டும், மாணவனுக்கு அரை நாள் மிச்சம்.

பழைய விடுதி:
அந்த அரை நாளுக்கு என்ன விலை கொடுத்தோம்? அண்ணாமலை தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். ஒரே வளாகத்தில் தமிழ், இசை, வேளாண்மை, கடலுயிரியல் எல்லாம் இருக்கும். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்து படித்துவிட்டுப் போவார்கள். அதன் தலையில் நாலு மாவட்டக் கல்லூரிகளின் தேர்வுத்தாளைக் கட்டினால் ஆராய்ச்சியை எப்போது செய்வது? இணைப்புப் பல்கலைக்கழகம் என்றாலே வினாத்தாள், விடைத்தாள், ஆய்வுக்குழு, கடிதப் போக்குவரத்து. சட்டமன்றத்தில் அதிமுக வெளிநடப்பு செய்தது ஜெயலலிதா பெயரை எடுத்ததற்காக. வளாகம் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் பெரிதாகக் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

முந்திரிக்காடு:
தொலைதூரக் கல்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014-15க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை, சேராதீர்கள் என்று 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) பகிரங்கமாக அறிவித்தது. எல்லாம் அரசு கட்டுப்பாட்டில் இருந்த வருடங்கள்தான்.

தேரடித்தெரு:
தொலைதூரக் கல்விக்கு மாநிலத்துக்கு வெளியே மையம் வைக்கக்கூடாது என்பது டெல்லி விதி. இந்தியா முழுக்க மையம் திறந்து வைத்தது பழைய நிர்வாகம்.

முந்திரிக்காடு:
மூடவேண்டியது யார்?

பாகூர்க்காரன்:
புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்காவது சண்டை போட ஒரு சட்டம் இருக்கிறது. எங்கள் கல்லூரிகள் காலாப்பட்டில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தின் கீழ். எங்கள் சட்டமன்றம் உருவாக்கியது என்றால், பொறியியல் கல்லூரியை உயர்த்திய 2019 சட்டத்தால் வந்த புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் இடஒதுக்கீடு பாருங்கள். நீங்கள் 2020இல் 7.5 சதவீதம் என்று சட்டம் போட்டீர்கள், அந்த வருடமே பிள்ளைகள் சேர்ந்தார்கள். நாங்களும் அதே வருடம் 10 சதவீதம் என்று அமைச்சரவையில் முடிவெடுத்தோம். அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி கோப்பை டெல்லிக்கு அனுப்பினார். நடைமுறைக்கு வந்தது 2023இல். எல்லையில் இருக்கும் கன்னியக்கோயிலுக்கு அந்தப் பக்கம் பிறந்தால் டாக்டர், இந்தப் பக்கம் பிறந்தால் அடுத்த நீட் என்று எங்கள் ஊரில் கிண்டல்.

பழைய விடுதி:
சட்டம் போட்டால் மட்டும் நடந்துவிடுகிறதா? துணைவேந்தரை அரசே நியமிக்கலாம் என்று 2022இல் இங்கே மசோதாக்கள் நிறைவேறின. ஆளுநர் நிறுத்திவைத்தார். 2023 நவம்பரில் மறுபடி நிறைவேற்றினார்கள். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றது. மே மாதம் உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுக்குத் தடை போட்டது. அண்ணாமலையில் கடைசியாக இருந்த துணைவேந்தரின் காலம் 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

தேரடித்தெரு:
அதற்கு 2013 சட்டம் என்ன செய்யும்? அது ஆளுநர் பிரச்சினை.

முந்திரிக்காடு:
குடும்பம் ஆண்டபோது தவறு குடும்பத்துடையது, அரசு ஆளும்போது தவறு ஆளுநருடையது. பணிநிரவலில் போனவர்கள் திரும்ப வருவதற்கு எந்தச் சட்டப்பிரிவு என்று மட்டும் சொல்லுங்கள், நான் இழையிலிருந்து போய்விடுகிறேன்.