அப்பாவின் வீடு, வள்ளம், கடன்: எல்லாம் ஒரே வழக்கா?

பாம்பன் மகள்:
அப்பா மாசியில் இறந்துவிட்டார். உயில் இல்லை. ஓட்டு வீடும் ஒரு வள்ளமும் இருக்கின்றன. நாங்கள் கிறிஸ்தவர்கள். “உனக்குத்தான் சீர் செய்தாச்சே, பங்கு ஏது?” என்கிறார் அண்ணன். அப்புறம், மீன் வியாபாரி ஒருவர் 2016-இல் அப்பா எழுதிய புரோநோட்டைக் காட்டி 80,000 ரூபாய் கேட்கிறார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அப்பா கையெழுத்து. பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன், வரவு ஒன்றுகூட இல்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

ராம்நாடு வக்கீல்:
எல்லாமே சிவில்தான் தங்கச்சி, கிளைதான் வேறு. வீடும் வள்ளமும் வாரிசுரிமை. உங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அம்மா இருந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. சீர் செய்ததால் மகள் பங்கு போகாது. புரோநோட்டு ஒப்பந்தக் கடன். கேட்டதும் தருவதாக எழுதிய நோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுதான் வழக்குப் போடக் கெடு. இடையில் பணம் கட்டிக் கையெழுத்திட்ட வரவோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட எழுத்தோ இருந்தால்தான் கணக்கு மாறும். கடன் செல்லும் என்றாலும் அப்பா விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. தயவுசெய்து புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பழைய கடனுக்கு உயிர் வந்துவிடும்.

தொண்டிக்காரன்:
என் வலையை விசைப்படகு அறுத்தபோது நஷ்டஈடு கேட்டேன். அது தீங்கியல் என்ற இன்னொரு கிளையாம். அம்மா இருக்கிறாரா?

பாம்பன் மகள்:
இருக்கிறார் அண்ணே. வக்கீல் வைக்கத்தான் பணமில்லை.

ராம்நாடு வக்கீல்:
பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.