1872-ல் சென்னைக்கு வந்த வால்நட்சத்திரத் தந்தி: ஒரு சந்தேகம்

பென்னாகரம் டீச்சர்:
வணக்கம். எட்டாம் வகுப்பில் வால்நட்சத்திரம் நடத்தும்போது, 1872 நவம்பர் 30 அன்று ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் சென்னை வானாய்வகத்து போக்சனுக்குத் தந்தி அடித்த கதையைச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "அவர் தன் ஊரிலேயே பார்த்திருக்கலாமே, எதுக்கு மிஸ் தந்தி?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன். யாராவது சொல்லுங்களேன்.

தந்தி தாத்தா, கிருஷ்ணகிரி:
டீச்சரம்மா, நவம்பர் 27 ராத்திரி ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. எல்லாம் ஆண்ட்ரோமெடா நட்சத்திர மண்டலத்தின் பக்கமிருந்து. காணாமல் போன பியலா வால்நட்சத்திரம்தான் பூமியை உரசிக்கொண்டு போயிருக்கிறது என்று கிளிங்கர்ஃபூஸ் கணக்குப் போட்டார். அப்படியானால் அது இப்போது வானத்தின் நேர் எதிர்ப்பக்கம், சென்டாரஸ் நட்சத்திர மண்டலத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் அவர் இருந்த ஜெர்மனியின் கோட்டிங்கனில் அடிவானத்தை ஒட்டியே வந்து போய்விடும், தேடிப் பார்க்க வசதிப்படாது. நம்ம ஊர் வானத்தில் நன்றாகவே தெரியும்.

தந்தி வாசகம் இவ்வளவுதான்: "பியலா 27-ல் பூமியைத் தொட்டது. தீட்டா சென்டாரி அருகே தேடு." தீட்டா சென்டாரி அந்த சென்டாரஸ் மண்டலத்து நட்சத்திரம். நான் தந்தி ஆபீஸில் இருந்தவன். 'அப்பா சீரியஸ், உடனே வா' என்று எழுதிவிட்டு, காசு பார்த்து 'உடனே'யை வெட்டிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிளிங்கர்ஃபூஸும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது. வணக்கமும் கிடையாது, நலமா என்றும் கிடையாது!

போக்சன் விடிகாலையில் காத்திருந்தார். நம்ம கார்த்திகை மழை சும்மா விடுமா? இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் கொஞ்ச நேரம் வானம் வெளுத்தது. அந்த இடைவெளியில் பிடித்துவிட்டார்: வட்டமாக, வாலில்லாமல் ஒன்று. மறுநாள் சின்ன வாலும் தெரிந்தது. அப்புறம் மறுபடி மழை.

ஓசூர் காலேஜ் பையன்:
தாத்தா, ஒரு சின்னத் திருத்தம். அவர் பார்த்தது பியலா இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தோடு இது பொருந்தவில்லை என்று பிறகு தெரிந்தது. பியலா 1846-லேயே இரண்டாகப் பிளந்துவிட்டது. 1852-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. போக்சனுடையது வேறு ஏதோ ஒன்று. அது எது என்று அறிய அதன் பாதையைப் புதிதாகக் கணிக்க வேண்டும்; அதற்கு வானில் அது இருந்த இடத்தை மூன்று நாளாவது குறித்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது இரண்டே நாள்.

பென்னாகரம் டீச்சர்:
அடடா, இன்னும் ஒரு விடியல் மழை விட்டிருந்தால்! சரி, அந்த தீட்டா நட்சத்திரத்தை எங்கள் ஊரிலிருந்து காட்ட முடியுமா?

தந்தி தாத்தா, கிருஷ்ணகிரி:
தம்பி சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். டீச்சரம்மா, வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் கார்த்திகையில் கூட்டிப் போகாதீர்கள். போன வருஷம் மொட்டை மாடியில் நின்று சளிதான் பிடித்தது. தை பிறக்கட்டும். விடிகாலை ஐந்து மணிக்குத் தெற்கே பாருங்கள், நல்ல உயரத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுங்கள்.