புதுப்பிப்பு: ஃபெனிடாயின் (வலிப்பு மருந்து) குடிக்கும் மகளுக்குக் கால்வலி, காரணம் தெரிந்தது
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் உள்ள என் ஆறு வயது மகள் ராத்திரியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், வைட்டமின் டானிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். "முதலில் வைட்டமின் டி அளவைப் பாருங்கள்" என்ற அக்காவின் யோசனைதான் பலித்தது. அளவு ஒரு மில்லிக்கு 9 நானோகிராம்தான், ரொம்பக் குறைவு! ஃபெனிடாயின் கல்லீரலில் வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைத்துவிடுமாம். டாக்டர் டி3 சொட்டு மருந்தும் கால்சியமும் எழுதிக்கொடுத்தார். மூன்று மாதத்தில் அளவு 34 ஆனது. அழுகை நின்றது, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை தானே வருகிறாள். வலிப்பு மட்டும் குறையவில்லை.

எதிர்பாராதது இது: கால்சியத்தை ஃபெனிடாயினோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அப்புறம் ஃபோலிக் ஆசிட் (ஒரு பி வைட்டமின்), ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவையே இறக்கிவிடும். அதையும் வாங்கி வைத்திருந்தேன். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டேன்.