மட்டக்களப்புக் கோட்டைப் படப்பலகை: 1638, 1804 சிப்பாய்களுக்கு எந்தத் துவக்கு, எந்த உடுப்பு?

வாவிக்கரை (கல்லடி) கேட்டது:

வாசிகசாலைச் சிறுவர் பகுதிக்குக் கோட்டை பற்றி மூன்று படப்பலகை வரைகிறோம். ஒவ்வொன்றும் 4 அடிக்கு 3 அடி. முதலாவது, 1638 மே மாதம் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தது. இரண்டாவது, அதே காலத்துக் கண்டி வீரன். மூன்றாவது, 1804இல் இங்கிருந்து கண்டிக்கு நடந்த பிரித்தானியப் படை.

வரைகிறவர் நல்ல கைகாரர். மாதிரிக்கு எடுத்த படங்கள்தான் இணையத்தில் பொறுக்கியவை. ஒன்றில் 1638 ஒல்லாந்தன் சிவப்புக் கோட்டுப் போட்டு, துவக்கு நுனியில் கத்தி செருகி நிற்கிறான். அது பிழை என்று தெரியும், சரியானது எது என்றுதான் தெரியவில்லை. எந்தப் புத்தகங்களை நம்பலாம்? துவக்கின் எந்தப் பகுதியைக் கவனித்து வரைய வேண்டும்? ஒரு பழைய பீரங்கியையும் அளந்து வரைய யோசனை. அது யாருடையது, எத்தனை இறாத்தல் குண்டு போடுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

திரிக்காரன் (ஆரையம்பதி):

உடுப்பில் தொடங்காதீர்கள். முதலில் ஆண்டு, அடுத்து துவக்கின் விசைப்பொறி, அதற்குப் பிறகுதான் உடுப்பு. ஒரே கோட்டு உடுப்பை முப்பது வருடம் மாறாமல் வரைந்த ஓவியர்கள் உண்டு. விசைப்பொறி அப்படி இல்லை, காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

1638க்குத் திரித்துவக்கு. வெடியுப்பில் ஊறவைத்த சணல் திரி, அதைக் கவ்விப் பிடிக்கும் பாம்புபோல வளைந்த இரும்புக் கை, பக்கத்தில் சிறு வெடிமருந்துக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு மூடி. விசையை இழுத்தால் கை சரிந்து, கனல்கிற திரி கிண்ணத்தைத் தொடும். சிக்கிமுக்கிக் கல் இங்கே இல்லை.

இதற்கு ஆதாரமாக ஒல்லாந்த ஓவியர் யாக்கொப் டி கெய்ன் 1607இல் வெளியிட்ட ஆயுதப் பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள். மொத்தம் 117 செப்புத்தகட்டுப் படங்கள்: இலகு துவக்குக்கு 42, பாரத் துவக்குக்கு 43, நீள்ஈட்டிக்கு 32. ஒவ்வொரு கையசைவுக்கும் ஒரு படம். உரிமைக் காலம் எப்போதோ முடிந்தது, ஆம்ஸ்டர்டாம் றைக்ஸ் மியூசியத்தின் தளத்தில் பெரிய அளவில் கிடைக்கும். பலகையில் அப்படியே பிரதி பண்ணினாலும் ஒருவரும் கேட்க முடியாது.

ஓவியர்கள் வழக்கமாகப் பிழைவிடும் இடம் ஒன்று. மருந்து கொட்டும் சிப்பாயை வரையும்போது, திரியை இரும்புக் கையில் கவ்வியபடியே விட்டுவிடுவார்கள். உண்மையில் சுட்டவுடன் முதல் வேலை திரியைக் கழற்றி இடது கை விரல்களுக்கிடையில் பிடிப்பது. திரியின் இரண்டு முனையும் கனல்கிறது, ஒன்று அணைந்தால் மற்றதிலிருந்து பற்றவைக்க. அதற்குப் பக்கத்தில் மருந்து கொட்டினால் கையும் போகும், முகமும் போகும்.

வரிசை இப்படி: கிண்ணத்தில் மென்மருந்து, மூடியைச் சாத்தல், மேலே சிந்தியதை ஊதித் தள்ளல். பிறகு துவக்கை இடப்பக்கம் சுழற்றி அடியைத் தாழ்த்தல், குழலில் மருந்து, சன்னம், சலாகையால் இடித்தல், சலாகையைத் திரும்பச் செருகல். அதன் பிறகு திரியை இரும்புக் கையில் மாட்டி, அது கிண்ணத்தின் நடுவில் இறங்குகிறதா என்று பார்த்து நீளத்தைச் சரி செய்து, சாம்பலை ஊதி, மூடியைத் திறந்து சுடுதல். கடைசிக் கணம் வரை மூடி மூடியே இருக்கும். ஓடுகிறவனுடைய கிண்ணம் திறந்திருந்தால் மருந்தெல்லாம் நிலத்தில்தான்.

தோளுக்குக் குறுக்கே வார், அதில் தொங்கும் மரக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெடிக்கான மருந்து. பன்னிரண்டு வரையுங்கள். பாரத் துவக்கு 6 முதல் 8 கிலோ, அதனால் கவைக்கோல் ஒன்றில் சாத்தித்தான் சுடுவான். நீளம் 60 அங்குலம் அளவில். ஆளை 66 அங்குலமாக வைத்தால், நிலத்தில் ஊன்றிய துவக்கின் வாய் அவன் மூக்குக்கு நேரே வரும். அரை ஆள் உயரத்தில் வரைந்தால் அது வேட்டைத் துவக்கு.

உடுப்பு: 1638இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிச் சிப்பாய்க்குச் சீருடை இல்லை. ஒருவன் பழுப்பு, ஒருவன் சாம்பல், அகன்ற விளிம்புத் தொப்பி, முழங்காலில் கட்டிய தொளதொளக் காற்சட்டை. ஒல்லாந்தன் என்று காட்ட செம்மஞ்சள் நிறத் தோள்பட்டி போதும். டி கெய்னில் கழுத்தைச் சுற்றி விறைத்த மடிப்பு வளையம் இருக்கும், அது 1607 நாகரிகம். நீங்கள் சரிந்து விழும் எளிய லினன் கழுத்துப்பட்டையாக மாற்ற வேண்டும். கையசைவை அவரிடம் எடுங்கள், கழுத்தை எடுக்காதீர்கள். துவக்கு நுனிக் கத்தியை அழித்துவிடுங்கள். குழலுக்கு வெளியே வளையமாக மாட்டும் கத்தி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது.

---

கொத்தளம் (கல்முனை):

பீரங்கிக்கு வருகிறேன். முதலில் ஒன்று: சுரண்டவே கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஒருபுறம். உப்புக் காற்றில் பல வருடம் கிடந்த வார்ப்பிரும்பில் எழுத்து நிற்பது மேல் படையில்தான் என்பது மறுபுறம். கம்பித் தூரிகை போட்டால் துருவோடு எழுத்தும் கழன்று வந்துவிடும். பொழுது பட்ட பிறகு ஒரு டோர்ச்சை மேற்பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். பகலில் கண்ணுக்குப் படாத எழுத்து நிழலில் எழும்பும்.

எங்கே தேடுவது? குழலின் மேல்முதுகு, பின்பக்க வளையம், பக்கவாட்டில் நீட்டி நிற்கும் இரண்டு உருளைக் காதுகளின் முகம். பெரிய ‘வீ’ எழுத்தின் கால்களில் ‘ஓ’வும் ‘சீ’யும் கோத்திருந்தால் ஒல்லாந்தக் கம்பனி. அதற்கு மேலுள்ள சிறு எழுத்து கம்பனியின் எந்தக் கிளைச் சபை என்று சொல்லும், ‘ஏ’ என்றால் ஆம்ஸ்டர்டாம். கிரீடமும் ‘ஜீ.ஆர்.’ என்ற பின்னலும் உள்ளே 3உம் இருந்தால் மூன்றாம் ஜோர்ஜ், 1760 முதல் 1820 வரை.

எடையைப் பொறிக்கும் முறையிலும் பிரித்தறியலாம். பிரித்தானியர் மூன்று எண் பொறிப்பார்கள். உதாரணமாக 9-2-14 என்றால் 9 அந்தர், 2 கால் அந்தர், 14 இறாத்தல். அந்தர் 112, கால் அந்தர் 28. ஆக 1008 + 56 + 14 = 1078 இறாத்தல், ஏறக்குறைய 489 கிலோ. ஒல்லாந்தர் இறாத்தலில் ஒரே எண்ணாகப் போடுவார்கள். அவர்களுடைய ஆம்ஸ்டர்டாம் இறாத்தல் 494 கிராம், ஆங்கிலேயருடையது 454. இதைக் கலந்துவிட்டால் கணக்கு நூற்றுக்கு ஒன்பது பிழைக்கும்.

குண்டின் எடை: வாயின் விளிம்பில் அளக்காதீர்கள், அங்கே உடைந்தும் துருப்பிடித்தும் இருக்கும். ஒரு சாண் உள்ளே இரண்டு மூங்கில் சலாகையை எதிரெதிராக விரித்து அளந்து, குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு முறை எடுங்கள். உள்ளே துரு தடித்திருந்தால் அளவு குறைத்துக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். 93 மில்லிமீற்றர் வந்தது என்று வைப்போம். 25.4ஆல் வகுத்தால் 3.66 அங்குலம். குண்டு குழலை விடச் சிறியது, பிரித்தானிய வழக்கில் 21க்கு 20 பங்கு. ஆக குண்டு 3.49 அங்குலம். 4 அங்குல இரும்புக் குண்டு 9 இறாத்தல், இதை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். 3.49ஐ 4ஆல் வகுத்து, மும்மடியாக்கி, 9ஆல் பெருக்கினால் 5.98. ஆறு இறாத்தல் பீரங்கி. 117 மில்லிமீற்றர் என்றால் பன்னிரண்டு.

வண்டிச் சட்டம்: கொத்தளத்தில் நிற்பதற்குச் சிறிய நான்கு சக்கரம், வெளியில் இழுத்துப் போவதற்குப் பெரிய இரண்டு சக்கரம். பெரிய சக்கரத்தைக் கொத்தளத்தில் ஏற்றி வரைந்த படங்கள் நிறைய. இன்னொன்று, இன்று புளியந்தீவில் நிற்கும் கோட்டை மதில் ஒல்லாந்தர் பின்னர் கட்டியது. 1638 பலகைக்கு அதைப் பார்த்து வரைய வேண்டாம். தூரத்தில் தணிவான சுவராக, வாவிப் பக்கம் காட்டினால் போதும்.

---

ஏட்டுச்சுவடி (அக்கரைப்பற்று):

இரண்டாவது பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. கண்டித் துவக்கின் அடிப்பாகம் இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும், விசைப்பொறி இடது பக்கத்தில். ஐரோப்பியத் துவக்கில் அது வலது பக்கம். இணையப் படத்தை இடம் வலமாகப் புரட்டிப் போட்டு இந்த அடையாளத்தையே கெடுத்துவிடுகிறார்கள். படத்தில் வாளின் பக்கத்தையும் பார்த்து, புரட்டியதா என்று சோதியுங்கள். கால் வைத்து நிறுத்திச் சுடும் சிறு பீரங்கி ‘கொடிதுவக்குவ’வையும் ஒரு மூலையில் காட்டலாம். இலகுவானது, காட்டுப் பாதையில் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்பதுதான் அதன் பலம்.

நூதனசாலையில் உள்ள வெள்ளி, தந்தம் பதித்த துவக்கை எல்லா வீரனுக்கும் கொடுக்காதீர்கள். 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்டு, 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்த கண்டிப் பீரங்கியில் பொன்னும் மாணிக்கமும் இருக்கிறது. அது அரச சபைப் பொருள். போருக்குப் போனவன் கையில் வெறும் மரமும் இரும்பும்தான்.

இதற்கு நம்பகமான எழுத்து பி. ஈ. பி. தெரணியகல 1942இல் றோயல் ஆசியக் கழக இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதிய சிங்கள ஆயுதங்கள், கவசங்கள் பற்றிய கட்டுரை. ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் 1672இல் அச்சிட்ட நூலின் படங்களைப் பலரும் எடுத்துப் போடுகிறார்கள். அவற்றைச் செதுக்கியவர்கள் ஆம்ஸ்டர்டாமில் இருந்தவர்கள். இடத்தின் அமைப்புக்குப் பயன்படும், ஆளின் உடுப்புக்கு நம்ப வேண்டாம். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடி, வன்னிமை விபரங்களுக்கு. ஆயுதத்துக்காக அதைப் புரட்டுவது வீண்.

ஒஸ்பிரே பதிப்பகத்தின் சீருடைப் புத்தகங்களைக் கேட்டால், 48 பக்கம், நடுவில் எட்டு வண்ணப் படம். படத்தை மட்டும் பார்த்து மூடாமல் பின்பக்கத்தில் அந்தப் படத்துக்கான விளக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள். ‘இது ஒரு ஓவியத்தைக் கொண்டு ஊகித்தது’ என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த வண்ணப் படங்களுக்கு உரிமையாளர் இருக்கிறார், பார்த்துக் கற்கலாம், பலகையில் பிரதி பண்ணக்கூடாது.

---

வாவிக்கரை:

மூவருக்கும் பெரிய நன்றி. ஏட்டுச்சுவடி காக்கா சொன்ன இடது பக்க விசைப்பொறி எங்களுடைய மாதிரியில் வலது பக்கம்தான் இருக்கிறது, மாற்றுகிறோம். 1804 பலகை பற்றியும், முதலாவதில் பிடிக்க வேண்டிய கொடி பற்றியும் யாராவது சொல்வீர்களா?

---

திரிக்காரன்:

1804க்குக் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் 1810இல் லண்டனில் அச்சிட்ட நூலே போதும். அந்தப் படையை மட்டக்களப்பிலிருந்து நடத்திப் போனவரே எழுதியது. ஐரோப்பியரும் உள்நாட்டுச் சிப்பாய்களுமாக 300 பேரளவில் போய், ஒக்டோபரில் கண்டிக்குள் நுழைந்து, திருகோணமலை வழியாகத் திரும்பினார்கள். பாதை, ஆற்றுக் கடவை, சுமைகாரர் ஓடிப்போனது எல்லாம் உண்டு. சீருடை விபரம் குறைவு.

துவக்கு: சிக்கிமுக்கிக் கல் பொறி, குழல் 39 அங்குலம், மொத்தம் 55, வாய் முக்கால் அங்குலம். ஊன்றினால் தோள் மட்டம், 1638க்காரனுடையதை விடக் குட்டை. இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் பிள்ளைகளுக்கே தெரியும். கல்லைக் கவ்வும் சுத்தியல் அன்னத்தின் கழுத்துப்போல வளைந்து வர வேண்டும். 1809இல்தான் அதை உடையாதபடி வளையம் போலப் பலப்படுத்தினார்கள். பெரும்பாலான படங்களில் வருவது அந்தப் பிந்திய வகை. மரக்குப்பி இப்போது இல்லை, இடுப்புக்குப் பின்னால் தோல் பெட்டி, உள்ளே மருந்தும் சன்னமும் சேர்த்துச் சுருட்டிய கடதாசித் தோட்டா. பல்லால் கடித்துக் கிழிப்பான், ஆகையால் வாயோரம் கறுப்பு.

குட்டைச் சிவப்புச் சட்டை. பின்னந்தலையில் சிறு சடை, பிரித்தானியப் படையில் அதை 1808இல்தான் வெட்டச் சொன்னார்கள். உயர்ந்த குழாய்த் தொப்பிக்கு 1800இல் கட்டளை வந்தது. ஆனால் வெப்ப நாட்டில் வட்ட விளிம்புத் தொப்பி போடுவது வழக்கம், அதையே வரையுங்கள்.

கொடிக்கு: 1638இல் ஒல்லாந்தக் கொடியின் மேல் பட்டை செம்மஞ்சளாகவும் இருந்தது, சிவப்பாகவும் இருந்தது. இரண்டும் புழங்கிய காலம். தோள்பட்டி செம்மஞ்சள் என்பதால் கொடியும் செம்மஞ்சள், வெள்ளை, நீலமாகப் போட்டால் பலகை ஒன்றாக நிற்கும். காற்றை மட்டும் கவனியுங்கள். மே மாதம் கச்சான் காற்று, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து வரும். கொடியையும் துவக்குப் புகையையும் கடல் பக்கமாகச் சாய்த்துவிடுங்கள்.