கோட்டைப் பக்கம் போன பிள்ளையை உண்ணி கடிச்சிட்டுது, எங்கட திருகோணமலை டவுன் உண்ணியில கிருமி இருக்குமா?

மனையாவெளி அக்கா:
ஞாயிற்றுக்கிழமை கோணேசர் கோவிலுக்குப் போயிட்டு வரேக்க கோட்டைக்குள்ள மான் நிக்கிற இடத்தில சின்னவன் புல்லுக்குள்ள இருந்து விளையாடினவன், இரவு குளிக்க வாக்கேக்க பாத்தா முழங்காலுக்குப் பின்னால மிளகு மாதிரி ஒண்டு, மச்சமாக்கும் எண்டு தேய்ச்சா காலை ஆட்டுது!! மாமி மண்ணெண்ணெய் விடச் சொன்னா, நான் பயத்தில பிடிச்சு இழுத்துப்போட்டன். நித்திரை வராம போனில தேடினா ஐரோப்பாவில உண்ணி எட்டில ஒண்டுக்கு நோய்க்கிருமி இருக்காம் எண்டு கிடக்கு. அப்ப இஞ்ச ரோட்டில திரியிற நாய், மான் எல்லாத்திலயும் எவ்வளவு இருக்கும்? வீட்டிலயும் நாய் ஒண்டு நிக்குது.

பாலையூற்றுப் பெடியன்:
மானை ஏன் அக்கா இழுக்கிறீங்க, முதல் உங்கட நாயின்ட காதைத் திருப்பிப் பாருங்க 😄

லாப் கோட்:
அந்த எட்டில ஒண்டு கணக்கு, உண்ணி பரப்பிற லைம் எண்ட நோயின்ட கிருமி பொரேலியாவுக்கு, அதுவும் ஐரோப்பாவில இருக்கிற ஒரே ஒரு இன உண்ணிக்கு. அமெரிக்காவின்ட வடகிழக்கில வேற இனம், அங்க வளந்த உண்ணியில பாதிக்குக் கிட்ட இருக்கும். அந்த ரெண்டு இனமும் இலங்கையில இல்ல, ஆனபடியா அந்தக் கணக்கைக் கொண்டுவந்து திருகோணமலையில ஒட்ட ஏலாது.

இஞ்ச வீட்டு நாயில நிக்கிறது பழுப்பு நாயுண்ணி. அதில முக்கியமா பாக்கிறது எர்லிக்கியா எண்ட பக்டீரியா, நாய்க்குக் காய்ச்சல் வந்து, பிளேட்லெட் குறைஞ்சு, மூக்கால ரத்தம் வாறது அதாலதான். மனுசருக்கு எண்டா ரிக்கெட்சியா எண்ட பக்டீரியாவைத்தான் யோசிக்கவேணும், அதால வாற உண்ணிக் காய்ச்சல் நம்ம நாட்டில இருக்கிற வருத்தம்தான். இதில ஒரு வித்தியாசம் இருக்கு. எர்லிக்கியா தாய் உண்ணியில இருந்து முட்டைக்குப் போகாது, அப்ப பொரிச்ச குஞ்சில அது இல்ல, வருத்தமுள்ள நாயில ஒருக்கா ரத்தம் குடிச்ச பிறகுதான் வரும். ரிக்கெட்சியா முட்டைக்குள்ளாலயே அடுத்த தலைமுறைக்குப் போயிடும்.

பிறகு, வீதம் எண்டு ஒரு நம்பரைப் பாத்தா உண்ணியை எங்க பிடிச்சவங்கள் எண்டு முதல் பாருங்க. வருத்தக்கார நாயில ரத்தம் குடிச்சு ஊதிப்போய் நிக்கிற உண்ணியைக் கழட்டி பிசிஆர் செய்தா கிருமி காட்டத்தான் செய்யும், அது நாயின்ட ரத்தமும்தானே. புல்லில வெள்ளைத் துணியை இழுத்துப் பிடிக்கிற பசி உண்ணியில பாத்தா நம்பர் வேற. சிலர் பத்து உண்ணியை ஒரே டியூபில அரைச்சுப் பாப்பாங்கள், ஒண்டில இருந்தாலும் டியூப் பொசிட்டிவ். இன்னொண்டு, உண்ணிக்குள்ள பக்டீரியா இருந்தா எல்லாம் நோய் இல்ல, ரத்தத்தில பி விற்றமின் காணாது எண்டு அதைச் செய்து குடுக்கிற கிருமி ஒண்டு நாயுண்ணியோட கூடவே பிறக்கும். அதையும் சேத்து எண்ணிப்போட்டு நியூஸ்காரர் தலைப்புப் போடுவினம்.

மனையாவெளி அக்கா:
தம்பி விளங்குது, ஆனா சின்னவனுக்கு என்ன செய்யிறது?? அதைச் சொல்லுங்கோ

வார்ட்டில நிக்கிறவ:
தங்கச்சி பயப்படாதீங்க, கடிச்ச தேதியை கலண்டரில குறிச்சு வையுங்க, ரெண்டு கிழமை பாருங்க. காய்ச்சல், தலையிடி, உடம்பில பொட்டு, கடிச்ச இடத்தில கறுப்பா பொருக்கு, இதில எது வந்தாலும் டொக்டரிட்ட போய் முதல் வசனமா “உண்ணி கடிச்சது” எண்டு சொல்லுங்க. கனபேர் அதைச் சொல்லாம வைரஸ் காய்ச்சல் எண்டு நாலு நாள் பனடோலோட கிடப்பினம், டொக்சிசைக்கிளின் எண்ட அன்டிபயோட்டிக்கை நேரத்துக்குக் குடுத்தா கெதியா இறங்கிற காய்ச்சல் அது. மருந்தை நீங்களா பாமசியில வாங்கிக் குடுக்கவேண்டாம்.

மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி ஒண்டும் வேண்டாம். சாவணத்தால தோலோட ஒட்டப் பிடிச்சு நேரா, மெதுவா இழுக்கவேணும், வயித்தை நசிக்கக்கூடாது. லைம் கிருமி உண்ணியின்ட குடல்ல இருந்து எச்சிலுக்கு வர ஒரு நாளுக்கு மேல எடுக்கும், ரிக்கெட்சியாவுக்கு சில மணித்தியாலமே காணும், ஆனபடியா அண்டைக்கு இரவே எடுத்தது நல்லது. பிள்ளையின்ட காதையும் பாருங்க, நம்மட ஆக்களுக்குக் காதுக்குள்ள உண்ணி போறது நெடுக நடக்கிறது, குத்துது எண்டு பிள்ளை அழும், அதை வீட்டில கிண்டாதீங்க, கிளினிக்குக்குக் கொண்டுபோங்க.

பாலையூற்றுப் பெடியன்:
நான் பகிடிக்குச் சொல்லேல்ல அக்கா. நாயுண்ணி புல்லை விட வீட்டைத்தான் விரும்பும், ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில முட்டை போடும், ரத்தம் குடிச்சிட்டு இறங்கி சுவர் வெடிப்பு, கதவு நிலை, சாக்குக்குக் கீழ போய் ஒளிக்கும். நாயைக் குளிப்பாட்டினா மட்டும் காணாது, மிருக வைத்தியரிட்ட நாய்க்கு மருந்து எடுங்க, படுக்கிற இடத்தையும் பாருங்க.

மனையாவெளி அக்கா:
இப்பதான் டோர்ச் அடிச்சுப் பாத்தன். நாய் படுக்கிற சாக்குக்குப் பின்னால சுவர் வெடிப்பில ஒரு வரிசையா நிக்குதுகள் 😭 மான் பாவம். சின்னவனுக்கு இண்டைக்கு மூண்டாம் நாள், காய்ச்சல் இல்ல, காதும் பாத்திட்டன்.