புதுப்பிப்பு: சுற்றுச்சூழல் அரசியல் முதுகலையில் சேர்ந்துவிட்டேன்

வேதியியல் படித்தவர் சுற்றுச்சூழல், அரசியல், சமூகம் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் முதுகலைக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்விட்டேன், முதல் பருவமும் முடிந்தது.

பொதுநிலத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். பொதுவளத்தை மக்களே விதி போட்டுக் காக்க முடியும் என்று காட்டிய அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமைப் படித்ததும் அது ஆட்டம் கண்டது. சுவிட்சர்லாந்தின் டோர்பல் கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி: குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடிகிற அளவு மாடுகளைத்தான் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். எவ்வளவு எளிய கணக்கு! குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த உலர்புல்தான் அங்கே அளவுகோல். இதை வாசித்த அன்று தூக்கமே வரவில்லை.

பாடங்களில் புள்ளியியலைச் சமாளித்துவிடலாம். ஆய்வுக்காக மக்களிடம் நேர்காணல் எடுப்பதுதான் கஷ்டம். இடையில் பேசாமல் கேட்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். அப்புறம், தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.